காதுக் கரண்டு

என் கணவரின் காதில் கரண்டு வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப்பேர் அவருக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டினார்கள். மீதிப்பேர் எனக்குப் பைத்தியம் என்றார்கள். குடிகாரனைத் திருத்தக் கோயிலில் கயிறு கட்டுவார்கள், எதையாவது அரைத்துச் சோற்றில் கலந்து கொடுப்பார்கள், அதுவும் சரிவராவிட்டால் தலையெழுத்து என்று விட்டுவிடுவார்கள். காதில் ஊசி குத்தி, ஊசியில் வயரைக் கவ்வ வைத்து, வயரைக் கொண்டுபோய்ப் பெட்டியில் சொருகுவதெல்லாம் எங்கள் ஆட்களுக்குக் கேட்கவே பயம். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் நான் வாயாடி என்று பெயர் எடுத்தவள் அல்லவா? "ஆமா, கரண்டுதான் குடுக்கப் போறேன். லயத்துல லைட்டு இல்லாத கொறைக்கு இவரு காதாவது எரியட்டும்" என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டே சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நுவரெலியாப் பக்கம் கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். நான் பிள்ளைக்காம்பராவில் ஆயா. கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் காலையில் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டிருப்பதால் அது உறைக்கவில்லை என்று சொல்லிக்கொள்வேன். பொய்தான்.

அவர் ஃபெக்டரியில் வாட்சர். அதற்கு முன்னால் ஆமியில் சிப்பாயாக இருந்தவர். தோட்டத்துக்குக் கீழே உள்ள சிங்களக் கிராமத்தில் பிறந்து, சின்ன வயதிலிருந்தே அப்பாவோடு மரக்கறி மூட்டை தூக்கி லயம் லயமாக விற்க வந்தவர். அதனால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். வேலை வெட்டி எதுவும் கிடைக்காமல் ஆமிக்குப் போனார். வடக்கில் நடந்த சண்டையில் இடுப்பில் ஷெல் துண்டு பாய்ந்து, ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பவராகத் திரும்பி வந்தார். அதன் பிறகுதான் கட்டிக்கொண்டோம். "நாடு பூரா நம்மாளுகளப் புடிச்சு உள்ள போட்டுக்கிட்டு இருக்காங்க, ஒனக்கு ஆமிக்காரன் கேக்குதாடி?" என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். அவருடைய அம்மா அடித்துக்கொள்ளவில்லை, கதவைச் சாத்திக்கொண்டாள். லயத்திலிருந்து என் கல்யாணத்துக்கு வந்தவள் பக்கத்துக் காம்பரா அக்கா ஒருத்திதான். புருசனை இழந்தவள், ஒரே மகனை வைத்துக்கொண்டு கொழுந்து எடுத்துப் பிழைத்தவள். "வாழப்போறது நீ. ஊரா வந்து ஒனக்குச் சோறாக்கப் போகுது?" என்று சொல்லி, தன் நல்ல சேலையை எனக்குக் கட்டிவிட்டாள்.

அவர் குடித்தார். குடிக்காவிட்டால் தூக்கம் கிடையாது, கை நடுங்கும், யாராவது பின்னால் வந்தால் துள்ளி எழுவார். குடித்தால் மனுசன் தங்கம். பாடுவார், லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் டொஃபி வாங்கிக் கொடுப்பார், என்னை "நோனா, நோனா" என்று கூப்பிட்டுத் துரைசாணி ஆக்கிவிடுவார். எந்தப் பெண்சாதிதான் புருசனின் குடியை ரசிப்பாள்? சில சாயங்காலங்களில் நான் ரசித்தேன்.

குடி என்றால் எல்லோரும் அதன் கெடுதலைத்தான் சொல்வார்கள். என் வீட்டுக் குடியால் ஊருக்கு நன்மையும் இருந்தது. அந்தக் காலத்தில் தோட்டத்துப் பையன்களைச் சுற்றிவளைப்பில் பிடிப்பது வாடிக்கை. கொழும்பில் கடையில் நிற்பவன் லீவுக்கு வந்தால் புலியோ என்று சந்தேகம். அடையாள அட்டை இல்லாவிட்டால் சந்தேகம். எங்கள் ஆட்களில் எத்தனை பேரிடம் அது இருந்தது? பிடித்தவர்களை முதலில் டவுன் பொலிசில் வைத்திருப்பார்கள். அங்கிருந்து தூரத்து முகாமுக்கு ஏற்றிவிட்டால் பெற்றவள் அலைந்து அலைந்து செருப்புத் தேய வேண்டியதுதான். ஏற்றுவதற்கு முன்னால் யாராவது போய்ப் பேசினால் உண்டு. யார் போவது? யூனியன் தலைவர் போனால் வாசலில் நிற்க வைப்பார்கள். பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் போனால் அவரையே உள்ளே தள்ளிவிடுவார்கள்.

என் கணவர் போவார். பழைய ஆமிச் சட்டையை மாட்டிக்கொண்டு, சாராயப் போத்தலைப் பையில் வைத்துக்கொண்டு, காலை இழுத்துக்கொண்டு மலை இறங்குவார். பொலிசுக்குப் பின்னால் இருந்த குவாட்டர்ஸில் ஒரு சார்ஜன் இருந்தார். அவரும் வடக்கில் சண்டை போட்டு வந்தவர்தான். இருவரும் குடிப்பார்கள். செத்துப்போன சிநேகிதர்களைப் பற்றிப் பேசுவார்கள், பாடுவார்கள், கட்டிப்பிடித்து அழுவார்கள். எல்லாம் ஓய்கிற நேரத்தில் இவர், நம்ம லயத்துப் பையன் ஒருத்தன் உள்ளே இருக்கிறான், அவன் ஆத்தா என் வீட்டு வாசலில் கிடக்கிறாள் என்று மெதுவாகச் சொல்வார். விடிந்ததும் பையனை முன்னால் விட்டுப் பின்னால் மலையேறி வருவார். போத்தல் பிடிபட்டவன் வீட்டுச் செலவு. யாரும் சட்டம் போடவில்லை, அப்படி ஆகிவிட்டது.

என் கல்யாணத்துக்கு வராத சனமெல்லாம் பீலியில் எனக்கு வழி விடத் தொடங்கியது. "ஆமிக்காரன் பொண்டாட்டி" என்று முதுகுக்குப் பின்னால் கரித்துக்கொட்டியவர்கள் அதையே முகத்துக்கு நேரே மரியாதையாகச் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். போய்வந்த ஒவ்வொரு தடவையும் அவர் நாள் கணக்கில் எழும்பாமல் குடித்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் ஃபெக்டரி வாசலில் இரத்தமாக வாந்தி எடுத்தார். கொழுந்து லொறியிலேயே போட்டு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் தங்கியது. ஆனால் ஈரல் கெட்டுவிட்டது, இனிமேல் குடித்தால் இந்த ஆளை மறந்துவிட வேண்டியதுதான் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். லயத்துக்கு வந்து நான் ஒப்பாரி வைத்து அழுத அழுகையில் அது எல்லா வீட்டுக்கும் தெரிந்துபோயிற்று. பக்கத்து வீட்டு அக்காதான் என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காதுக் கரண்டு பற்றிச் சொன்னது ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் கிடந்த ஒரு சிப்பாய். முழங்காலுக்குக் கீழே கால் இல்லாதவன். நுவரெலியாவில் ஒரு டொக்டர் அம்மா இருக்கிறார், சீனாவுக்குப் போய் ஊசி வைத்தியம் படித்து வந்தவர், சண்டையில் அடிபட்டுக் குடியில் விழுந்த பையன்களுக்குத் தன் வீட்டு முன்னறையிலேயே இலவசமாகப் பார்க்கிறார் என்றான். அவனுக்குக் குடி நினைப்பே அற்றுப்போய், தேத்தண்ணியில் சீனி கூடப் போட்டால்தான் திருப்தி என்று ஆகிவிட்டதாம்.

போனோம். வாசலில் ரோஜாச் செடிகள், கிழட்டு நாய் ஒன்று, உள்ளே வரிசையாகக் கதிரைகள். ஐந்தாறு பேர் காதில் வயரோடு, தலை முடி வெட்டக் காத்திருப்பவர்களைப் போல, பேப்பர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். டொக்டர் அம்மா வெள்ளைச் சேலை கட்டிய வயதான சிங்களப் பெண். காதுக்குள் ஒரு நரம்பின் நுனி இருக்கிறது, அது கழுத்து வழியாக இறங்கி நெஞ்சு, வயிறு வரைக்கும் போகிறது, அந்த நரம்பைச் சின்னக் கரண்டால் தட்டிக் கொடுத்தால் உடம்பின் பதற்றம் அடங்கும், குடி கேட்கும் தவிப்பும் குறையும் என்று எனக்குப் புரிகிற சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். அழுகிற பிள்ளையை முதுகில் தட்டித் தூங்க வைக்கிற மாதிரி என்று நான் நினைத்துக்கொண்டேன். அதுதானே என் பிழைப்பு. கடைசியில் அவர் இன்னொன்றும் சொன்னார். இது மந்திரம் இல்லை. தவிப்பை மட்டும்தான் இது குறைக்கும். குடிக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தால், நாங்கள் கட்டுவதை அந்த இடம் அவிழ்த்துவிடும்.

ஊசி குத்தும்வரை அவர் காதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டொக்டர் அம்மா கவ்வுகிற கிளிப்பை எடுத்துக் காதருகே கொண்டுவந்ததும் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, காதில் இரத்தத்தோடு, ஒரு காலை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவிட்டார். எனக்கு வெட்கமும் கோபமும் பொத்துக்கொண்டு வந்தன. வெள்ளையும் சொள்ளையுமாக இருக்கிற வீட்டில் மானத்தை வாங்கிவிட்டாரே என்று பின்னாலேயே போனேன். சைப்ரஸ் மரத்தடியில் ஒரு மதகில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு ஊசிக்கு இந்த ஓட்டமா? சண்டைக்கெல்லாம் எப்படிப் போனீங்க?" என்று கேட்டேன். என் வாய் அப்படி.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "இத நான் பாத்துருக்கேன்."

"எங்க?"

"அங்க." அங்கே என்றால் வடக்கு. "ஒரு முகாம்ல. ஒருத்தன் காதுல மாட்டுனாங்க. இதே மாதிரி கவ்வுற சாமான். அது மருந்துக்கு இல்ல."

"நீங்களா?"

"நான் வாசல்ல நின்னேன். காவலுக்கு." காதில் வழிந்த இரத்தத்தைத் துடைத்தார். "அவன் அம்மா அம்மான்னு கத்துனான். தண்ணி குடுங்க, நான் ஒன்னுமே செய்யலன்னு தமிழ்ல சொல்லிக்கிட்டே இருந்தான். மத்தவங்களுக்கு அது வெறும் சத்தம். எனக்கு மட்டும் வெளங்குச்சு. ஒங்க லயத்துல கத்துக்கிட்ட தமிழ்தானே."

ரோட்டில் உருளைக்கிழங்கு லொறிகள் போய்க்கொண்டிருந்தன. அந்த மனிதன் யார் பெற்ற பிள்ளையோ, என்ன ஆனானோ என்று அப்போது என் மனம் போகவில்லை. என் புருசன் கையால் செய்யவில்லை என்ற ஆறுதல்தான் முதலில் வந்தது. என் சாதி சனத்தில் ஒருவன் கத்தியிருக்கிறான், நான் என் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சே, என்ன பிறவி நான்!

"அதனாலதான் ஒவ்வொரு தடவையும் கீழ எறங்கிப் போனீங்களா?"

"பின்ன, போத்தலுக்காகப் போறேன்னு நெனச்சியா?"

நினைத்திருந்தேன்.

எப்படியோ பேசிப் பேசித் திரும்ப உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் அம்மா அவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவரிடம் வந்து இப்படி ஓடிய பையன்களில் இவர் முதல் ஆள் இல்லை போலிருக்கிறது. பெட்டியைத் தூக்கி என் மடியில் வைத்து, கரண்டைக் கூட்டிக் குறைக்கும் திருகை என் கையில் கொடுத்தார். உன் கையென்றால் பயப்படமாட்டார், அவர் போதும் என்றால் நிறுத்து என்றார். சாப்பாட்டுப் பெட்டி அளவுதான் இருக்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திருகினேன். "எறும்பு ஊருது," என்றார். இன்னும் கொஞ்சம். "மழ தூறுற மாதிரி இருக்கு." இன்னும் கொஞ்சம். "போதும் நோனா." நிறுத்தினேன். அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை பஸ் ஏறினோம். நம்பினால் நம்புங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கை நடுக்கம் நின்றது. முதலில் சோறு இறங்கியது, பிறகு தூக்கம் வந்தது. லயத்துக்குப் பின்னால் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தைக் கொத்தி லீக்ஸ் போட்டார், கரட் போட்டார். பாட்டு மட்டும் இல்லை, குடித்தால்தானே பாட்டு. அது எனக்குக் கொஞ்சம் வெறிச்சென்று இருந்தது என்றால் என்னை என்ன சொல்வீர்கள்? ஆனாலும் காலையில் தெளிந்த கண்ணோடு ஒரு மனிதர் எனக்கு முன்னால் எழும்பி, அடுப்பை மூட்டி, "நோனாவுக்குத் தேத்தண்ணி" என்று நீட்டுகிற சுகம் எனக்கு அதுவரை தெரியாது. யாருக்கும் இதை விட்டுத்தரமாட்டேன் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அக்காவின் மகனைப் பிடித்தார்கள். ஹட்டனில் பேக்கரி ஒன்றில் வேலை செய்தவன். அம்மாவைப் பார்க்க வந்த இடத்தில் டவுனில் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பொலிசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். விசயம் எனக்கு முதலிலேயே எட்டிவிட்டது. பொழுது சாய்கிற நேரம், அக்கா எங்கள் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் வந்து நின்றாள். கொழுந்து மலையிலிருந்து நேரே வந்திருந்தாள், கொழுந்து எடுக்கும்போது சுற்றிக்கொள்ளும் படங்குச் சாக்கு இடுப்பிலேயே இருந்தது. முந்தானைக்குள் போத்தல்.

"தங்கச்சி, அவரு இருக்காரா?"

அவர் பின்னால் லீக்ஸ் பாத்தியில் இருந்தார். நான் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். "இல்லக்கா. கீழ அவங்க ஊருக்குப் போயிருக்காரு. அவங்க அம்மாவுக்கு முடியலையாம்."

"எப்ப வருவாரு?"

"தெரியலையேக்கா. ரெண்டு மூனு நாள் ஆகும்போல."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அடுப்பில் எதுவோ இருப்பதுபோல் உள்ளே திரும்பிப் பார்த்தேன். "சரி தங்கச்சி," என்றாள். முந்தானையை இழுத்துப் போத்தலை மூடிக்கொண்டு போய்விட்டாள். காதில் கிளிப்பைப் பார்த்ததும் ஓடியவர் சொன்ன கதை எனக்குத் தெரியும். பிடிபட்டவர்களுக்கு என்னவெல்லாம் நடக்கலாம் என்று தெரியும். தெரிந்துதான் சொன்னேன். மறுநாள் அந்தப் பையனை லொறியில் ஏற்றி எங்கேயோ தெற்கே அனுப்பிவிட்டார்கள்.

அவருக்கு விசயம் ஃபெக்டரியில் தெரிந்திருக்கிறது. வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா போயிருப்பீங்க."

"ஆமா. அதுக்குத்தானே சொல்லணும்."

திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை. ஒன்றும் செய்யவில்லை, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போய்விட்டார். அடுத்த தடவை டொக்டர் அம்மா வீட்டில் நான் திருகைத் திருப்பியபோது போதும் என்று சொல்லவே இல்லை. முகம் கோணுவதைப் பார்த்து நானாகத்தான் நிறுத்தினேன். அக்காவுக்கு முன்னால் போகக் கால் கூசியது. அவள் பீலிக்கு வருகிற நேரம் பார்த்து நான் போகாமல் இருந்துகொள்வேன். எதிர்ப்பட்டாலும் அவள் "சாப்பிட்டியா தங்கச்சி" என்றுதான் கேட்பாள். அவர் உயிரைக் காப்பாற்றத்தானே சொன்னேன், எந்தப் பெண்சாதியாக இருந்தாலும் அதைத்தான் செய்வாள் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லி, கொஞ்சம் நம்பவும் தொடங்கிவிட்டேன்.

அந்த நம்பிக்கை தீபாவளி வரைக்கும்தான் தாங்கியது. என் தம்பி கொழும்பில் புடவைக்கடையில் நின்றவன். தீபாவளிக்கு வரும் வழியில் செக்பொயின்டில் இறக்கி, எங்கள் டவுன் பொலிசுக்கே கொண்டுவந்திருந்தார்கள். அம்மா மேல் டிவிஷனிலிருந்து தலைவிரி கோலமாக ஓடிவந்து பிள்ளைக்காம்பரா வாசலில் விழுந்தாள். "ஒன் புருசனப் போகச் சொல்லுடி! போகச் சொல்லுடி!"

நான் யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். யோசிக்கவில்லை. கையிலிருந்த குழந்தையை அடுத்த ஆயாவிடம் கொடுத்துவிட்டுக் கடைக்கு ஓடினேன். சாராயம் கேட்டதும் கடைக்காரர், "என்னா, அவரு உட்டுட்டாருன்னாங்க, இப்ப நீங்க தொடங்கிட்டீங்களா?" என்று கிண்டல் பண்ணினார். போத்தலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினேன். அக்கா வந்தாளே, அதே மாதிரி.

அவர் பாத்தியில் குந்தியிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே முந்தானையைப் பார்த்துவிட்டார்.

"யாரு?"

"தம்பி."

கையில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க குடிக்க வேணாங்க. அவங்களுக்கு மட்டும் ஊத்திக் குடுத்துட்டுப் பேசிட்டு வந்துருங்க."

அவர் சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு சிரித்தார். "அட நோனா, குடிக்காதவன் போத்தலக் கொண்டுபோனா அது லஞ்சம். என்னையும் புடிச்சு உள்ள வைப்பான். குடிக்கிறவன் கொண்டுபோனாத்தான் சிநேகிதம்."

அந்த இடத்தில் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். டொக்டர் சொன்னதும் டொக்டர் அம்மா சொன்னதும் எனக்குக் கேட்டுக்கொண்டேதான் இருந்தன. தம்பியின் முகமும் கண் முன்னால் நின்றது. "போங்க," என்றேன். பழைய ஆமிச் சட்டையை நானே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். போத்தலையும் நானே பையில் வைத்தேன்.

மறுநாள் காலை தம்பி முன்னால் வந்தான், ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அவர் பின்னால் வந்து இஸ்தோப்பில் விழுந்தார். முழு லயமும் பார்த்தது. அக்காவும் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே வந்து, இரண்டு அவித்த முட்டையைத் தம்பி கையில் வைத்துவிட்டு, "சாப்புடு சாமி, பயந்துருப்ப" என்றாள். அந்த முட்டையைப் பிடுங்கி எறிந்து, என்னைத் திட்டுங்கக்கா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. "தேத்தண்ணி குடிக்கிறீங்களாக்கா?" என்றுதான் கேட்டேன்.

தெளிந்ததும் அவர் சொன்ன முதல் பேச்சு, "அக்கா மகனப் பத்தியும் கேட்டேன்" என்பதுதான். பையன் எந்த முகாமில் இருக்கிறான் என்று சார்ஜன் விசாரித்துச் சொல்வாராம். கண்டியில் ஒரு பெரியவர் இருக்கிறார், என் கணவர் முன்பு ஆமியில் அவருக்குக் கீழே இருந்தவர், அவர் மனம் வைத்தால் நடக்குமாம். "நான் போவேன். இந்தத் தடவை நீ கதவுல நிக்காத," என்றார். எந்த வாயால் வேண்டாம் என்பேன்? என் தம்பிக்கு ஒரு நியாயம், அக்கா மகனுக்கு ஒரு நியாயமா?

அந்த மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசும். ஒருநாள் நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காதில் கரண்டு கொடுப்பேன். இன்னொரு நாள் பையில் போத்தல் வைத்துக் கீழே அனுப்புவேன். போத்தலை அக்கா வாங்கவில்லை, அவளுக்கு ஒன்றும் சொல்லவும் இல்லை. என் கூலியில் நானே வாங்கினேன். டொக்டர் அம்மாவின் மூக்குக்குத் தெரியாமல் போகுமா? ஒருநாள் என்னை மட்டும் ரோஜாச் செடிப் பக்கம் கூப்பிட்டு, நான் ஒரு பக்கம் இழுக்கிறேன், யார் மறுபக்கம் இழுப்பது என்று கேட்டார். நான்தான் என்றேன். காரணத்தையும் சொன்னேன். குனிந்து நாயைத் தடவினார். பிறகு உள்ளே போய் அவர் காதில் ஊசி வைத்தார். இனி வராதே என்று அந்த அம்மா சொல்லவே இல்லை.

அக்கா மகன் வந்தான். மெலிந்து, யார் கூப்பிட்டாலும் கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, ஆனால் உயிரோடு வந்தான். அந்தப் பெரியவர் கண்டிக்கு வரவழைத்துக் கொடுக்க, இவரே போய்க் கூட்டி வந்தார். அன்றைக்கே குடியை விட்டார். இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை, தவிப்பும் வரவில்லை என்றார். கரண்டு வேலை செய்கிறது என்று டொக்டர் அம்மாவுக்கே முகம் மலர்ந்தது. ஆனால் ஈரல் யாருக்கும் காத்திருக்கவில்லை. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து கொஞ்ச நாளில், தேத்தண்ணிக் கோப்பையை எனக்கு நீட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே இரத்தம் கக்கினார். அதே ஆஸ்பத்திரி. வீட்டுக்குக் கொண்டுவரும்போது மூடித்தான் கொண்டுவந்தோம்.

அவருடைய அம்மா வந்தாள். கதவைச் சாத்தியவள் என் தோளில் விழுந்து அழுதாள். தம்பி அப்போது வெளிநாட்டில், வர முடியவில்லை. சவப்பெட்டியை முன்னால் பிடித்துத் தூக்கியவன் அக்கா மகன்.

அடக்கம் முடிந்த மறுநாள் அக்கா எனக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு அவரு வீட்டுலதான் இருந்தாருக்கா. நான் பொய் சொல்லிட்டேன்," என்றேன்.

அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. "எனக்குத் தெரியும் தங்கச்சி. பின்னால கொத்துற சத்தம் கேட்டுச்சே."

நிமிர்ந்து பார்த்தேன். "தெரிஞ்சுமா திரும்பிப் போனீங்க? ஒரு கொரல் குடுத்திருந்தா ஓடிவந்திருப்பாரே!"

"வந்திருப்பாரு. அதான் குடுக்கல." கஞ்சியைக் கரண்டியால் கிளறி ஆற்றிக்கொண்டே சொன்னாள். "பெத்த மனசு, போத்தலோட ஓடிவந்துட்டேன், கதவுல ஒன் கையப் பாத்ததும்தான் நெனப்பு வந்துச்சு. குடிச்சா செத்துருவாருன்னு நீதானே என் மடியில கெடந்து அழுத? என் மகன் உள்ள கெடந்தாலும் உசுரோட கெடப்பான்னு நெனச்சேன். ஒனக்கு அவர உட்டா யாரு இருக்கா?"

அவள் பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுத்து என் புருசனை எனக்கு விட்டுவைத்திருக்கிறாள். நான் என் தம்பிக்காக ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் அவரை அனுப்பினேன். அவள் கஞ்சிக் கிண்ணத்தை என் கையில் வைத்து, ஆறிப்போகுமுன் குடிக்கச் சொன்னாள். குடித்தேன்.